சல்பியாவுக்குப் பிடிக்காத பாட்டு

காலை ஷிப்டுப் பெண்களைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்ட கையோடு, சல்பியா பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு நேரே கமருனின் முடிவெட்டும் கடைக்கு வந்தாள். கடை இன்னும் திறக்கவில்லை. கமருன் இரும்புக் கதவைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் குனிந்து உள்ளே நுழைந்தாள்.

"வந்துடுச்சா?"

"ஒரு சலாம் சொல்ல மாட்டியா? வீட்டைச் சோதனை போட வந்த போலீஸ் மாதிரி வந்து நிக்கற."

"அஸ்ஸலாமு அலைக்கும். வந்துடுச்சா?"

வந்திருந்தது. மேசைக்கு அடியிலிருந்த அட்டைப் பெட்டியைக் கமருன் பிரித்து, கண்ணாடித்தாள் சுற்றிய குறுந்தட்டு ஒன்றை அவள் கையில் வைத்தான். அவன்தான் மலேசியாவின் வடக்கு மாநில ரசிகர் மன்றத்தின் தலைவன். தோள்வரை முடி வளர்த்த பாண்டுக்கு ஒரு முடிவெட்டுகிறவன் தலைவனாக இருப்பதைச் சொல்லி சுங்கைப்பட்டாணியில் சிரிக்காதவர்கள் குறைவு. அவன் தலையிலும் இப்போது காதோரம் மட்டும்தான் மிச்சம்.

பாண்டின் பெயர் ரிம்பா பெசி. இரும்புக் காடு என்று அர்த்தம். பழைய அட்டைகளில் எல்லாம் நெருப்பும் சங்கிலியும் மண்டையோடும் இருக்கும். இந்த அட்டையில் வெள்ளைச் சட்டை போட்ட மூன்று பேர் கடற்கரையில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன இது, பல் டாக்டர் விளம்பரம் மாதிரி இருக்கு?" என்றாள் சல்பியா.

"அட்டையைப் பார்க்காத. பாட்டைக் கேளு. பதினோரு வருஷம் கழிச்சு வந்திருக்காங்க, மரியாதையாப் பேசு."

சல்பியா அதற்குமேல் நிற்கவில்லை. பஸ்ஸைக் கால்பந்துத் திடல் ஓரமாக, மரநிழலில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஜன்னல்களை மூடினாள். கண்ணாடித்தாளைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.

ஐம்பத்து மூன்று வயதுக்காரிக்கு இத்தனை பரபரப்பு எதற்கு என்று கேட்கலாம். பத்தொன்பது வயதில் சீக் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவள் இந்த ஊர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தாள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டுகிற வேலை. அந்தக் காலத்தில் தொழிற்சாலைப் பெண்களை ஊரார் 'கரண்டு மினா', கரண்டுக்காரி, என்று கேலியாகக் கூப்பிட்டார்கள். கடைத்தெருவில் நடந்தால் பையன்கள் விசில் அடிப்பார்கள், பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்போதுதான் ரிம்பா பெசியின் 'சைரன்' வந்தது. அதிரும் டிரம்ஸுக்கு நடுவே காலிஸ் என்ற பாடகன் நரம்பு புடைக்க உச்சக்குரலில் பாடினான்:

*மயிரிழைக் கம்பியைப் பார்த்துப் பார்த்துச் சிவந்த கண்ணே,*
*உன்னைப் பார்த்தவர் யார்?*

ஹாஸ்டலில் ஒரே ஒரு கேசட் பெட்டி. அதைச் சுற்றி எட்டுப் பெண்கள் உட்கார்ந்து கேட்டார்கள். ஒருத்தி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். நம்மை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று சல்பியாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றையிலிருந்து அவள் அவர்களுடைய ஆள். நீளமுடிக்காரர்களை டிவியில் காட்டக் கூடாது என்று சொன்னபோது மற்ற பாண்டுகள் வெட்டிக்கொண்டன. ரிம்பா பெசி வெட்டவில்லை. அதைத் தன் குடும்பத்தின் பெருமைபோலச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கண் கெட்ட பிறகு மைக்ரோஸ்கோப்பை விட்டுப் பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதே தொழிற்சாலைக்கு அதே பாட்டுகளைப் போட்டுக்கொண்டு ஆள் ஏற்றிப் போகிறாள்.

தட்டு சுழன்றது. முதலில் பியானோ. பிறகு வயலின்கள். கிட்டார் எப்போது வரும் என்று காத்திருந்தாள். வந்தது, எங்கோ பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல. காலிஸ் பாடினார். கத்தவில்லை. காதோடு காதாக, 'நீ இல்லாத காலை, வெறுமையான வானம்' என்று பாடினார். நடுவில் யாரோ ஒரு பையன் புகுந்து கடகடவென்று வசனம் பேசினான். சல்பியா தட்டை வெளியே எடுத்து, அதன் மேல் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள். எழுதியிருந்தது.

மறுபடியும் போட்டாள். உட்கார்ந்து கேட்க முடியவில்லை. இறங்கி முன்கண்ணாடியைத் துடைத்தாள். டயர்களை உதைத்துப் பார்த்தாள். சீட்டுக்கு அடியில் கிடந்த பிஸ்கட் உறைகளைப் பொறுக்கினாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. 'விட்டுக்கொடு, நம்பிக்கை வை, காற்று உன்னை அழைத்துப்போகும்.' எந்தக் காற்று? எங்கே? சுங்கைப்பட்டாணியில் பாடினாலும் சரி, சிங்கப்பூரில் பாடினாலும் சரி, சோப்பு விளம்பரத்துக்குப் போட்டாலும் சரி என்ற மாதிரி இருந்தது. களைப்பில் இருக்கிறோம், அதனால்தான் ஏறவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூன்றாவது தடவையும் போட்டாள். மதியம் வந்துவிட்டது.

சாயங்காலம் பெண்கள் ஏறும்போது தட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்துவிட்டாள். வழக்கமாகப் பின்சீட்டுக்காரிகள் ஏறியதும் காதில் ஒயரைச் செருகிக்கொள்வார்கள். காக் என்றால் அக்கா. 'காக்கோட இடிமழை' என்று அவள் பாட்டுக்கு அவர்கள் பேர் வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். அன்று யாரும் செருகவில்லை. கூலிம் பக்கத்துப் பெண் சுஹைலா எழுந்து வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றாள்.

"காக், இது யாரு பாடறது?"

"ரிம்பா பெசி."

"சும்மா சொல்லாதீங்க காக்! அந்தக் கத்துற ஆளுங்களா?"

"கத்துற ஆளுங்க இல்ல. பாடற ஆளுங்க."

"இவ்வளவு இனிமையாப் பாடத் தெரிஞ்சும் ஏன் இத்தனை வருஷம் கத்தினாங்க?" சுஹைலா பின்னால் திரும்பிக் கூவினாள். "ஹேய், இது காக்கோட பாண்டாம்! காக், அந்த ரெண்டாவது பாட்டை இன்னொரு தடவை போடுங்களேன்."

பஸ் முழுக்கக் கை தட்டியது. இத்தனை வருஷமாக எந்தப் பாட்டுக்கு இவர்கள் கைதட்ட வேண்டும் என்று சல்பியா ஏங்கினாளோ அதற்குத் தட்டாமல், இதற்குத் தட்டுகிறார்கள். சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றாள். பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

வீட்டுக்கு வந்தால் அங்கே அதைவிட மோசம். அவள் கணவன் இட்ருஸ் தண்ணீர் இலாகாவில் ஓய்வு பெற்றவர். மெர்போக் புறாக்கள் வளர்த்துக் கூவும் போட்டிக்குக் கொண்டுபோவதுதான் இப்போது அவருக்கு வேலை. முற்றத்தில் உயரமான கம்பத்திலிருந்து கூண்டை இறக்கியபடியே அவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சல்பியா செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டாள்.

"அபாங், என்ன பாடறீங்க?" மலாயில் அண்ணனும் அபாங்தான், கணவனும் அபாங்தான்.

"இந்த... நீ இல்லாத காலை... உன் காலிஸ்தான். மக போன்ல அனுப்பியிருந்தா. நல்லாப் பாடியிருக்கான்பா."

"நல்லாப் பாடியிருக்கானா?"

"ஆமா. முப்பது வருஷமா உன் பாட்டைக் கேட்டா என் பறவையெல்லாம் அலகை மூடிக்கிட்டு மூலையில ஒடுங்கிடும். இன்னிக்கு இதைப் போட்டேன், இவன் கூவினான் பாரு, அப்படி ஒரு கூவல்! பறவைக்குப் பொய் தெரியாது."

"பறவை கிட்டார் வாசிச்சிருக்கா?"

"உனக்கு ஏன் கோபம்? நீ சந்தோஷப்படுவேன்னு பார்த்தேன். இனிமே நாம ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கலாம்ல."

அவர் அதை மனதாரச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. சமையலறைக்குப் போய் மீனை அலசினாள். அலசிய மீனையே திரும்ப அலசினாள்.

மன்றத்தின் வாட்ஸப் குழுவில் பாராட்டு மழை பெய்துகொண்டிருந்தது. 'தலைமுறைக்கு ஒரு ஆல்பம்.' 'கண்ணீர் நிற்கவில்லை.' 'அபாங் காலிஸ், உங்கள் காலடியில்.' நெருப்புப் படங்கள், கும்பிட்ட கைகள். பினாங்குக்காரன், பெர்லிஸ்காரன், மேடைக்குக் கீழே அவளோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினவர்கள் எல்லாரும் எழுதியிருந்தார்கள். சல்பியா 'எனக்கு' என்று தட்டினாள். அழித்தாள். மறுபடி 'யாருக்காவது' என்று தட்டினாள். அதையும் அழித்தாள். தனக்கு மட்டும்தான் காது கெட்டுவிட்டதோ என்று பயமாக இருந்தது.

பயத்தைவிடச் சந்தேகம் பெரிதாக இருந்ததால், அடுத்த நாள் கமருன் கடைக்குப் போனாள். அவன் ஒரு ஆளுக்கு முகத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தான்.

"உனக்கு நிஜமா பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குன்னு குரூப்புல எழுதியிருக்கேன்ல."

"நீ எழுதினதைக் கேக்கல."

கமருன் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டினான். தேவைக்கு மேலேயே தீட்டினான். "கேக்கக் கேக்கப் பிடிக்கும்."

"ஆகமொத்தம் இப்பப் பிடிக்கல."

"சல், மெதுவா. கஸ்டமர் இருக்காரு."

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் நுரைக்குள்ளிருந்து அந்த ஆள்.

"பார்த்தியா? அவருக்குப் பிடிச்சிருக்கு." கமருன் அவளைக் கடையின் பின்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். குரலைத் தாழ்த்தினான். "கேளு. அவங்களுக்கு வயசாயிடுச்சு. இதுவும் போணியாகலைன்னா அதோட முடிஞ்சுது. நாம கைவிட்டா வேற யாரு இருக்கா? பிடிக்குதோ பிடிக்கலையோ, தூக்கிப் பிடிக்கணும். அதுக்குத்தான் மன்றம்."

"பொய் சொல்றதுக்கா மன்றம்?"

"விசுவாசத்துக்கு மன்றம். இன்னொண்ணு. சனிக்கிழமை மதியம் இங்கதான் மால்ல வெளியீட்டு விழா. பாண்டு வருது. முதல் பெண் உறுப்பினர்னு நீ மேடையேறி ரெண்டு வார்த்தை பேசற. நான் பேர் கொடுத்துட்டேன். பினாங்குப் பக்கத்து ஆளுங்களை உன் பஸ்ல ஏத்திக்கிட்டு வந்துடு."

"வேற யாரையாவது சொல்லு."

"வேற யாரு? 'சைரன்' யாரைப் பத்தின பாட்டு? உன்னைப் பத்தினதுதானே. நீதான் பேசணும்."

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் பழைய பாட்டைப் போட்டால் சுஹைலா புதியதைக் கேட்டாள். புதியதைப் போட்டால் இவளுக்கு ஸ்டியரிங்கை உடைக்கலாம்போல இருந்தது. ஒன்றுமே போடாமல் ஓட்டினால், 'காக்குக்கு உடம்பு சரியில்லையா?' என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். படுத்தால் மண்டைக்குள் அந்தப் பியானோவே ஓடியது. வேண்டுமென்றே பிடிக்கப் பார்த்தாள். வரிகளை மனப்பாடம்கூடச் செய்தாள். பிடிக்காத மருமகளைப் பிடித்ததுபோல நடத்துகிற மாமியாரின் கதையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மாலின் நடுக்கூடத்தில் மேடை போட்டிருந்தார்கள். கறுப்புச் சட்டை போட்ட ரசிகர்கள் வயிறு முன்தள்ள நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சுஹைலா வயதுக் கூட்டம், போனைத் தூக்கிப் பிடித்தபடி. மேடையில் காலிஸ் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். முப்பது வருஷம் தூரத்திலிருந்து பார்த்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததும், மேடையேறிய சல்பியா சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

நிகழ்ச்சி நடத்திய வானொலிப் பெண் மைக்கைக் கொடுத்தாள். சல்பியா ஹாஸ்டலைப் பற்றிச் சொன்னாள், கேசட் பெட்டியைப் பற்றிச் சொன்னாள், எழுந்து போய்க் கதவைச் சாத்தியவளைப் பற்றிச் சொன்னாள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கமருன் கீழேயிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அதோடு இறங்கியிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். ஆனால் அந்த வானொலிப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"அழ வெச்சிட்டீங்க காக்! சரி, புது ஆல்பத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எது?"

சல்பியா வாயைத் திறந்தாள். இரண்டாவது பாட்டு என்று சொல்லத்தான் நினைத்தாள்.

"ஒண்ணும் இல்ல."

"எல்லாமே பிடிக்கும்னு சொல்றீங்க!"

"இல்லம்மா. ஒண்ணும் பிடிக்கல." மைக்கில் அவள் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. "நெறைய தடவை கேட்டேன். பிடிக்கணும்னுதான் கேட்டேன். பிடிக்கல. மன்னிச்சுக்கோங்க."

முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு கூட்டத்திலிருந்து "ஊ" என்று ஒரு ஓலம் கிளம்பியது. "இறங்கு" என்று ஒருவன் கத்தினான். கமருன் கையை முகத்தில் வைத்துக்கொண்டான். காலிஸ் தன் மைக்கை எடுத்து, கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"காக்குக்குப் பஸ் ஓட்டி ஓட்டிக் காது போயிடுச்சு போல. யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கப்பா."

கூடம் இடிந்துவிழுவதுபோலச் சிரித்தது. சல்பியாவின் முகம் செத்துப்போயிற்று. "காது நல்லாத்தான் இருக்கு, அபாங்" என்று மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். கறுப்புச் சட்டைகள் விலகி வழிவிட்டன. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்பக்க நிறுத்துமிடத்தில் பஸ் நின்றது. பினாங்குக்காரர்களைத் திரும்ப ஏற்றிப்போக வேண்டும். விட்டுவிட்டு ஓடவும் முடியாது. படியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், பஸ்ஸைச் சுற்றி நடந்தாள். விழா முடிந்து பாட்டுச் சத்தம் அடங்கிய பிறகு, சரக்கு இறக்கும் வாசல் திறந்து காலிஸ் வெளியே வந்தார். தனியாக. சிகரெட்டைப் பற்றவைக்கப் போனவர் அவளைப் பார்த்துவிட்டார். திரும்பி உள்ளே போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை.

"இதுதான் உன் பஸ்ஸா?"

"ஆமா, அபாங்."

"அந்தக் காது விஷயம்... கூட்டத்தைச் சமாளிக்கணும்ல. அதுக்காகச் சொன்னது."

"பரவாயில்ல. நானும் எல்லாரும் இருக்கற இடத்துல சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான்" என்றார் அவர், கொஞ்சம் சூடாகவே. "எனக்கு அறுபத்தி ரெண்டு வயசு. இன்னமும் நான் நரம்பு தெறிக்கக் கத்தணுமா? ஒரு மேடை முடிஞ்சா மூணு நாள் யார்கிட்டயும் பேச்சு வராது. சைகைதான். உனக்கு என்ன, வீட்டுல உக்காந்து கேசட்டைத் திருப்பிப் போட்டுக்குவ."

"கத்தச் சொல்லல, அபாங். மெதுவாவே பாடுங்க. ஆனா 'சைரன்' கேட்டப்ப என்னை யாரோ பார்த்துட்டாங்கன்னு இருந்துச்சு. இந்தப் பாட்டு யாரையும் பார்க்கல. காத்து, வானம், நம்பிக்கைன்னு... யார் வேணாலும் பாடலாம்."

காலிஸ் புகையை விட்டார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பாக இல்லை.

"ஒண்ணு சொல்றேன், கோபப்படாத. அந்த 'சைரனை' எழுதினது நான் இல்ல. லோக்மான், பேஸ் வாசிச்சானே, சண்டை போட்டுட்டுப் போனானே, அவன். அவன் அக்கா உங்க தொழிற்சாலைல வேலை பார்த்துச்சு. மயிரிழைக் கம்பின்னா கிட்டார் கம்பின்னு நெனச்சுப் பாடினேன் நான். ரொம்ப வருஷம் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

சல்பியா பஸ்ஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ யார் வேணாலும் பாடலாம்னு சொன்னியே, இந்த ஆல்பம்தான் நான் எழுதினது. ஒவ்வொரு வரியும். லத்திஃபா போனப்புறம். என் பொண்டாட்டி. ரெண்டு வருஷம் ஆச்சு. காலைல எழுந்திருச்சா வீடு காலியா இருந்துச்சு, ஜன்னல்ல வானம் இருந்துச்சு. அதைத்தான் எழுதினேன். வேற எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியல."

தூரத்தில் யாரோ தள்ளுவண்டிகளை ஒன்றோடொன்று இடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சல்பியாவுக்கு அழுகை வந்தது. அந்த மனிதரின் தோளைத் தொட வேண்டும்போல இருந்தது, தொடுகிற உறவில்லை. 'தெரியாமல் பேசிவிட்டேன், பாட்டு அருமை' என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஒரே ஒரு வாக்கியம். அவர் அதற்காகத்தான் காத்திருந்தாரோ என்னவோ.

"அல்லா அவங்களுக்கு நல்ல இடம் கொடுக்கட்டும்" என்றாள். "எனக்குத் தெரியாது, அபாங். ஆனா..."

"ஆனா இன்னமும் பிடிக்கல."

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"எல்லாமேவா?"

சல்பியா யோசித்தாள். அந்த வாரம் முழுக்கக் கேட்டதையெல்லாம் ஓட்டிப் பார்த்தாள். "நாலாவது பாட்டுல, பியானோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க மூச்சு வாங்குற சத்தம் கேக்குது. பாடலாமா வேணாமான்னு நிக்கற மாதிரி. அது பிடிச்சிருந்துச்சு."

காலிஸ் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். "அதை வெட்டிடணும்னு கம்பெனில ஒத்தக்கால்ல நின்னாங்க. நான்தான் விடலை." மேலும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் "அபாங், படம் எடுக்கணும், எல்லாரும் காத்துட்டு இருக்காங்க" என்று கூப்பிட்டாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அன்று மாலைக்குள் அந்த வீடியோ எல்லாருடைய போனுக்கும் போய்விட்டது. 'நன்றி கெட்ட கிழவி' என்று எழுதினவர்கள் நிறையப் பேர். அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்கள், நீக்கியது கமருன். ஓசைப்படாமல் தனியாக, 'காக், எனக்கும் பிடிக்கல, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க' என்று செய்தி அனுப்பினவர்களும் இருந்தார்கள். அதில் 'கண்ணீர் நிற்கவில்லை' என்று எழுதின பினாங்குக்காரனும் ஒருவன். சல்பியாவுக்கு ஆறுதலாக இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது.

"விடு" என்றார் இட்ருஸ். "பாட்டுதானே."

"பாட்டுதானேன்னு சொல்லாதீங்க. உங்க பறவை போட்டில தோத்தா நான் பறவைதானேன்னு சொல்றேனா?"

அவர் கூண்டைப் பார்த்தார். "சொன்னதில்ல" என்று ஒத்துக்கொண்டு, அன்று அவரே போய்க் கோழிச்சோறு வாங்கிவந்தார்.

பஸ்ஸில் சல்பியா பாட்டுப் பெட்டியைத் தொடுவதையே விட்டிருந்தாள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த சுஹைலா ஒருநாள் முன்னால் வந்து நின்றாள்.

"காக், வீடியோவைப் பார்த்தேன். உங்களைத் திட்டினவங்களை நாங்க திருப்பித் திட்டியிருக்கோம். பேரை மாத்திக்கிட்டு."

"உனக்குத்தான் அந்தப் பாட்டு பிடிக்குமே?"

"பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். என் அம்மா போன வருஷம் போனாங்கல்ல, அதைக் கேட்டா அவங்க ஞாபகம் வருது. அதுக்காக உங்களைத் திட்ட விட்டுடுவோமா?" கொஞ்சம் தயங்கினாள். "என் போன்ல போடட்டுமா? உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்."

"போடு."

அந்தப் பாட்டு ஓடியது. இப்போது அந்த வீடு யாருடையது, அந்த ஜன்னல் எது என்று சல்பியாவுக்குத் தெரியும். தெரிந்தபிறகு பிடித்துவிடுமோ என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். மனம் கனத்தது. பின்சீட்டில் பெண்கள் மெல்லச் சேர்ந்து பாடினார்கள், சுஹைலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அந்தப் பையன் வந்து வசனம் பேசத் தொடங்கியதும் சல்பியாவின் கை பழையபடி பரபரத்தது. 'இந்த இடத்துல கிட்டார் வரணும்டா' என்று முணுமுணுத்தாள். ஒரு மனிதரின் துக்கத்துக்கு இரங்குவதும் அவர் பாட்டைப் பிடிக்காமல் போவதும் ஒரே நெஞ்சுக்குள் இடித்துக்கொண்டு கிடந்தன. எதை வெளியே தள்ளுவது என்று தெரியாமல் கியரை மாற்றினாள்.

கமருன் வந்தது மாதக் கடைசியில். டிரைவர்கள் ஷிப்டு முடியக் காத்திருக்கும் தேநீர்க் கடையில், அவள் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் ஒன்று சொன்னான். கண்ணாடிக் கோப்பை வந்ததும் நுரையை ஊதினான்.

"உன்னை நீக்கினது நான்தான்."

"தெரியும். உன் பேரோட வந்துச்சு."

"நீக்கலைன்னா என்னை நீக்கியிருப்பாங்க." கோப்பையைச் சுற்றினான். "சல், ஒரு விஷயம். அந்த முதல் பாட்டு இருக்கே. சகிக்கல."

சல்பியா நிமிர்ந்து பார்த்தாள்.

"வயலினை எவன் உள்ளே விட்டான்?" என்றான் கமருன். "கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கு. அப்புறம் அந்த டிரம்ஸ். தாஜுல் தூங்கிட்டே வாசிச்சானா?"

"அது தாஜுலே இல்ல, மெஷின்."

"மெஷினா!"

"ரெண்டாவது பாட்டுல கேளு. ஒரு அடிகூடப் பிசகாது. தாஜுல் என்னிக்குப் பிசகாம வாசிச்சிருக்கான்?"

கமருன் மேசையைத் தட்டினான். இன்னொரு தே தாரேக் சொன்னான், அவளுக்கும் சேர்த்து. பிறகு இருவரும் ஒவ்வொரு பாட்டாக எடுத்து வைத்துக் கொத்திக் கிழித்தார்கள். பக்கத்து மேசை டிரைவர்கள் சண்டை என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். மேடையைக் கண்டால் முன்வரிசைக்கு முட்டிமோதி ஓடிய காலத்துக்குப் பிறகு, அவர்கள் இவ்வளவு உற்சாகமாகப் பேசியதில்லை. நடுவில் சல்பியா லத்திஃபாவைப் பற்றிச் சொன்னாள். கமருன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அதான் அப்படி இருக்கா?" என்றான். "ஆறாவது பாட்டு எனக்கு நிஜமாவே பிடிச்சிருந்துச்சு. ஏன்னு தெரியாம இருந்தேன்."

"ஆறாவதா? அந்தத் தாலாட்டா?"

"தாலாட்டு இல்ல. அதுல கடைசில குரல் உடையற இடம்..."

"துரோகி. அதான் இருக்கறதுலயே மோசம்."

"நீ சரியாக் கேக்கல."

"காது நல்லாத்தான் இருக்கு."

சைரன் ஊதியது. தொழிற்சாலைக் கதவு திறந்து பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். சல்பியா பாதிக் கோப்பையை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். கமருன் விடவில்லை, பின்னாலேயே வந்து, அவள் இன்ஜினை முடுக்கிய பிறகும் டிரைவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அந்த ஆறாவது பாட்டின் கடைசி வரியைத் தன் கட்டைக்குரலில் பாடிக்காட்டினான். ஏறிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"இப்ப சொல்லு. இப்பவும் பிடிக்கலையா?"

"நீ பாடினதுக்கப்புறம் சுத்தமாப் பிடிக்கல" என்றாள் சல்பியா. "கையை எடு, பஸ் கிளம்புது."